பள்ளிக் கூரைக்குக் கணக்கெடுத்த டைரக்டர்

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழர்களுக்கு இந்த ஊரின் ஜூன் மாதம் நன்கு பழகியிருக்கும். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் திறந்து நான்கு மாதம் கழித்து, ஐப்பசியில்தான் அடைமழை பிடிக்கும். அதற்குள் கூரையைப் பார்க்கவும் ஓடு மாற்றவும் அவகாசம் உண்டு. இங்கே அப்படியல்ல. ஜூன் இரண்டாவது வாரத்தில் பள்ளி திறக்கிறது. அதையொட்டியே தென்மேற்குப் பருவமழையும் வந்து சேருகிறது. கோடை விடுமுறையில் அடைத்திருக்க வேண்டிய ஓட்டை, முதல் பாடத்தோடு சேர்ந்து ஒழுகத் தொடங்குகிறது.

பழைய நகரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. அங்குள்ள அரசுப் பள்ளிகளில் பல, நெடுங்காலமாக வாடகை வீடுகளில் நடந்து வந்தவை. யாரோ குடியிருப்பதற்காகக் கட்டிய வீடு; நடுவே முற்றம்; சுற்றிலும் அறைகள்; அறைக்கு ஒரு வகுப்பு. சில இடங்களில் ஒரே வீட்டில் இரண்டு பள்ளிகள். கூரை பெயர்ந்தால், பழைய வாடகைக்கு இதற்கு மேல் செலவு செய்ய இயலாது என்று வீட்டுக்காரர் கையை விரிப்பார். பிறர் சொத்துக்குச் சர்க்கார் பணத்தைச் செலவிட விதியில்லை என்று இலாகா சொல்லும். இருவரும் சொல்வதில் நியாயம் உண்டு. இருவருக்கும் நடுவே பிள்ளைகள் பலகையை இழுத்துப் போட்டு, நனையாத மூலையில் ஒதுங்குவார்கள்.

2022 மார்ச்சில் தெலங்கானா அரசு இதற்கென்று ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் 'மன ஊரு - மன படி' என்றும், நகரத்தில் 'மன பஸ்தி - மன படி' என்றும் அதற்குப் பெயர். நம் ஊர், நம் பள்ளி என்று பொருள். 26,000க்கும் மேற்பட்ட பள்ளிகளை மூன்று கட்டங்களில் சீர்செய்ய 7,289 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். குடிதண்ணீர், கழிப்பறை, மின்சாரம், மேசை நாற்காலி, வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு, கரும்பலகை, சுற்றுச்சுவர், சமையல் கூடம் என்று 12 வகை வேலைகள் அதில் இருந்தன. ஊர்க்காரர்களும், வெளியூர் சென்று பிழைப்பவர்களும், பழைய மாணவர்களும் நன்கொடை தரலாம் என்று அறிவித்தார்கள்.

தமிழ்நாட்டில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் படித்த ஒருவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால், இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைப்பார். சர்க்கார் பள்ளியின் குறைகளைப் பட்டியல் போட்டு, அதை ஊரார் முன் வைத்து, ஊராரையே கூப்பிட்டுச் சீர்செய்யும் ஏற்பாடு அன்றைய சென்னை ராஜ்யத்தில் 1958லேயே தொடங்கிவிட்டது. அதற்குப் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் என்று பெயர். ஆட்சித் தலைவராக இருந்து அதைத் தாங்கியவர் காமராஜர். அதை வகுத்து, ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் பொதுக்கல்வி டைரக்டராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு.

நெய்யாடுபாக்கத்துப் பிள்ளை

நெ.து.சு. என்ற மூன்றெழுத்தில் முதலெழுத்து அவருடைய ஊர். இரண்டாவது அவருடைய தந்தை. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912 அக்டோபர் 12ம் தேதி துரைசாமியின் மகனாகப் பிறந்தார். அந்நாளில் அது செங்கற்பட்டு ஜில்லா. ஏரியையும் பருவ மழையையும் நம்பிப் பயிர் செய்யும் கிராமங்கள் நிறைந்த பகுதி. அந்தக் கிராமங்களில் பள்ளிக்கூடம் என்றால் தனியாக ஒரு கட்டடம் என்று பொருளில்லை. வாத்தியார் வீட்டுத் திண்ணை பள்ளிக்கூடம். கோயில் மண்டபம் பள்ளிக்கூடம். கீற்றுக் கொட்டகை பள்ளிக்கூடம். மழைக்காலத்தில் கொட்டகை சரிந்தால், மறு கூரை வேயும் வரை பிள்ளைகள் மாடு மேய்க்கப் போவார்கள். அவர்களில் சிலர் திரும்பி வருவதேயில்லை.

கிராமத்திலிருந்து காஞ்சிபுரத்து உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றார். அங்கிருந்து சென்னை. மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். 1930களின் அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு இளைஞர்களைக் காங்கிரஸ் ஒரு பக்கம் இழுத்தது. சுயமரியாதை இயக்கம் மறு பக்கம் இழுத்தது. நெ.து.சு. பெரியாரின் பக்கம் சாய்ந்தவர். 1940ல் அவர் செய்துகொண்ட திருமணம் சாதி பாராத சுயமரியாதைத் திருமணம். மணமகள் காந்தம்மாள், அந்த இயக்கத்தின் முன்னணிப் பேச்சாளரான குஞ்சிதம் குருசாமியின் தங்கை. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு திருமணம் செய்வது அந்நாளில் சிறிய துணிச்சல் அல்ல.

கல்வி இலாகாவில் அவர் நுழைந்தது பள்ளித் துணை ஆய்வாளராக. கிராமத்து வாத்தியார்கள் நடுங்கும் பதவி அது. ஆண்டுக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார், நாலு கேள்வி கேட்பார், குறிப்பு எழுதுவார், போய்விடுவார். கட்டடம் எப்படி இருக்கிறது என்பதும் அந்தக் குறிப்பில் ஒரு வரி. கூரை பழுதுபட்டிருக்கிறது, காற்றோட்டம் போதாது, தளவாடம் இல்லை என்று எழுதுவார்கள். அடுத்த ஆண்டும் அதே வரி. அதற்கடுத்த ஆண்டும் அதே வரி.

அந்த வரி ஏன் மாறவில்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் பின்னாளில் அவர் செய்த காரியம் விளங்கும். அன்றைய சென்னை மாகாணத்தில் ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பெரும் பகுதி, சர்க்கார் மானியம் பெற்ற தனியார் பள்ளிகள். மிஷனரிகள் நடத்தியவை உண்டு. வாத்தியாரே நிர்வாகியாக இருந்து நடத்தியவையும் ஏராளம். மானியம் பெரும்பாலும் வாத்தியார் சம்பளத்துக்கே சரியாகப் போகும். கட்டடத்தைக் காப்பது நிர்வாகியின் பாடு. அந்த நிர்வாகியோ மாதச் சம்பளத்துக்கே தவிப்பவர். மற்றவை ஜில்லா போர்டுப் பள்ளிகள். போர்டிடம் ரோடு இருந்தது, பாலம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது. பள்ளிக்கூடத்து ஓடு கடைசி. ஆகவே கூரைக்குச் சொந்தக்காரர் என்று ஏட்டில் ஒருவர் இருந்தாலும், ஏணி வைத்து மேலே ஏறுகிறவர் எவரும் இல்லை.

கூரையின் கணக்கு

கூரை கெடும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நாளில் விழும் கூரை மிகக் குறைவு. மங்களூர் ஓட்டுக் கூரையில் முதலில் ஒரு ஓடு நகரும். குரங்கு மிதித்ததாக இருக்கலாம். பையன்கள் மாங்காய்க்கு எறிந்த கல்லாகவும் இருக்கலாம். அந்த ஒரு ஓட்டின் விலை சில அணாக்கள்தான். அதை மாற்றாவிட்டால் அந்த வழியே இறங்கும் நீர், ஓட்டைத் தாங்கும் ரீப்பரை நனைக்கும். நனைந்த ரீப்பர் உளுக்கும். ஈரம் கண்ட மரத்தைக் கரையான் தேடி வரும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் கை மரம் தொய்யும். அதோடு ஒரு வரிசை ஓடும் இறங்கும். அப்போது ஆசாரி வேண்டும், மரம் வேண்டும், நூற்றுக்கணக்கில் ரூபாய் வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் போட்ட மச்சுக் கட்டடமானால் வேறு கதை. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் செருகிச் சுண்ணாம்புக் காரையால் பூசிய தளம் அது. தண்ணீர் தேங்காமல் ஓடிவிட்டால் மூன்று தலைமுறை நிற்கும். மழைநீர்த் தாரையில் சருகு அடைத்துக்கொண்டால் தளத்தில் நீர் நிற்கும். காக்கை போட்ட அரச விதை முளைக்கும். அந்தச் செடியை இரண்டு இலை விடும்போது கையால் பிடுங்கலாம். இரண்டு ஆண்டு விட்டால் கோடாலியும் கொத்தனாரும் வேண்டும். பிந்தி வந்த சிமெண்டுக் கட்டடமும் விதிவிலக்கல்ல. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி தன்னை மூடிய காரையைத் தள்ளி உடைக்கும். பெஞ்சு மேல் விழுவது அந்தக் காரைதான்.

பழுதுபார்க்கும் வேலை பெரிய பணத்தைக் கேட்பதில்லை. காலத்தில் வரும் சிறிய பணத்தையும், ஆண்டுக்கு இரண்டு முறை ஏறிப் பார்க்கும் ஓர் ஆளையும் கேட்கிறது. சர்க்கார் இயந்திரத்துக்கு இந்த இரண்டும்தான் கடினம். பத்தாயிரம் ரூபாய்க்குப் புதுக் கட்டடம் அனுமதிக்க ஃபைல் உண்டு; பத்து ரூபாய்க்கு ஓடு வாங்க ஃபைல் கிடையாது.

டைரக்டர் பதவி

1953ல் ராஜாஜியின் ஆட்சி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கியது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற அந்த ஏற்பாட்டைக் குலக்கல்வி என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். திட்டம் கைவிடப்பட்டது. சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராகத் தொடர்ந்தார். அந்த ஆண்டிலேயே நெ.து.சு. பொதுக்கல்வி டைரக்டரானார். வயது நாற்பத்திரண்டை எட்டிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ்காரர்களும் நரைத்த தலைகளும் உட்கார்ந்த நாற்காலியில் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை உட்கார்ந்தார்.

காமராஜர் கேட்டது எளிய காரியம்போலத் தோன்றும்: பிள்ளை நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி. ஐந்நூறு பேர் உள்ள ஊருக்கு ஒரு பள்ளி என்று தொடங்கி, முந்நூறு பேர் உள்ள ஊருக்கும் பள்ளி என்று வளர்ந்தது. ஆயிரக்கணக்கில் ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டன. கஜானாவில் இருந்த பணம் வாத்தியார் சம்பளத்துக்கே போதும் போதாததாக இருந்தது. கட்டடம் கட்டிவிட்டுத்தான் பள்ளி திறப்பது என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை போய்விடும். வாத்தியாரை முதலில் அனுப்பு, கூரை பிறகு வரட்டும் என்பதே அன்று எடுத்த முடிவு. சரியான முடிவுதான். ஆனால் பிறகு வரவேண்டிய கூரை யார் கொண்டு வருவது என்ற கேள்வி அதோடு பிறந்துவிட்டது.

மதிய உணவு அதற்கு ஒரு வழியைக் காட்டியது. 1956ல் பல ஊர்களில் மதிய உணவு தொடங்கியபோது அது ஊர்மக்களின் நன்கொடையை நம்பித் தொடங்கியது. அரிசியும் விறகும் காய்கறியும் வீடுகளிலிருந்து வந்தன. 1957 நவம்பரில் அரசு மானியம் சேர்ந்து திட்டம் நிலைபெற்றது. சாதாரண மனிதர்கள் பள்ளிக்குக் கொடுப்பார்கள். கேட்பவர் எதற்கு என்று தெளிவாகச் சொன்னால் போதும் என்பதை இலாகா அப்போது கண்டது.

கடம்பத்தூரில் தொடக்கம்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் திருவள்ளூரைத் தாண்டியதும் கடம்பத்தூர் வரும். 1958ன் தொடக்கத்தில் அங்கேதான் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. மாநாடு என்றதும் பந்தலும் பேச்சும் நினைவுக்கு வரும். பந்தலும் பேச்சும் இருந்தன. ஆனால் உண்மையான வேலை அதற்கு முன்பே நடந்துவிட்டிருந்தது.

ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வார்கள். அங்குள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று வாத்தியாரும் ஆய்வாளரும் உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும். பொதுப்படையாகக் கட்டடம் மோசம் என்று எழுதினால் போதாது. எத்தனை ஓடு, எத்தனை பெஞ்சு, எத்தனை கரும்பலகை என்று எழுத வேண்டும். சுவர்க் கடிகாரம், தண்ணீர்ப் பானை, அலமாரி, தேசப்படம், உணவுத் தட்டு, வேலி, கிணறு, புதிய வகுப்பறை, விளையாட்டு மைதானத்துக்கு நிலம் என்று சிறியதும் பெரியதுமாக அந்தப் பட்டியல் போகும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மதிப்பு. பிறகு அதை ஊராரிடம் எடுத்துச் செல்வார்கள். நிலமுள்ளவர் நிலம் கொடுத்தார். ஆலைக்காரர் கட்டடம் கட்டித் தந்தார். பானை வாங்கித் தர முடிந்தவர் பானை கொடுத்தார். கையில் காசில்லாதவர் மண் சுமந்தார், வெள்ளையடித்தார்.

மாநாட்டன்று அந்தக் கணக்கு ஊரறியப் படிக்கப்படும். இன்ன பள்ளிக்கு இன்னார் இன்னது செய்து முடித்தார் என்று சொல்வார்கள். பானை கொடுத்தவரின் பெயரும் கட்டடம் கொடுத்தவரின் பெயரும் ஒரே மேடையில் வரும். காமராஜர் பல மாநாடுகளுக்கு வந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட முதலமைச்சர், ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் பெஞ்சு கிடைத்ததைக் கேட்பதற்காக வெயிலில் உட்கார்ந்திருந்தார் என்பதே ஊராருக்குப் பெரிய செய்தி. கடம்பத்தூரைத் தொடர்ந்து ஜில்லா தோறும் மாநாடுகள் நடந்தன. அவற்றில் ஏற்கப்பட்ட வேலைகளின் மதிப்பு கோடிகளில் ஏறியது. மற்ற ராஜ்யங்களின் கல்வி அதிகாரிகளும் இந்த முறையைக் கவனித்தார்கள். 1961ல் நெ.து.சு.வுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பள்ளிக்குத் தனியார் கொடுப்பது அதற்கு முன் இல்லாத வழக்கம் அல்ல. செகந்திராபாத்திலேயே சாட்சி நிற்கிறது. 1862ல் சோமசுந்தர முதலியார் என்ற தமிழர் அங்கு தொடங்கிய பள்ளிதான் பின்னர் மஹபூப் கல்லூரி என்று பெயர் பெற்றது. அமெரிக்கா செல்வதற்கு முன், 1893 பிப்ரவரியில், விவேகானந்தர் பேசிய இடம் அது. ஆனால் அது வசதியுள்ள ஒருவரின் தருமம். நெ.து.சு. செய்தது வேறு. எவர் வேண்டுமானாலும் தன் சக்திக்கேற்ற ஒரு வரியை எடுத்துக்கொள்ளும்படி தேவையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தார். பொருளாதாரம் படித்த மூளை வேலை செய்த இடம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு பள்ளிக்கு மூவாயிரம் ரூபாய் தேவை என்றால் ஊர் பெருமூச்சு விடும். நூறு ஓடு தேவை என்றால் யாராவது ஒருவர் கை தூக்குவார்.

எழுந்த கேள்விகள்

குறை சொன்னவர்களும் உண்டு. வரி வாங்குவது சர்க்கார். பள்ளி நடத்துவது சர்க்காரின் கடமை. அந்தக் கடமையை ஏழைக் குடியானவனின் தலையில் கட்டுவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வசதியுள்ள ஊர்ப் பள்ளிக்கு ரேடியோப் பெட்டியும் வரும். வறண்ட ஊர்ப் பள்ளிக்குக் கூரையே வராது என்பதும் உண்மைதான். மேலதிகாரி பட்டியல் கேட்கிறார் என்பதற்காக ஆய்வாளர்கள் மிராசுதாரின் வாசலிலும் மில் முதலாளியின் வாசலிலும் நிற்க நேர்ந்தது. மனமுவந்து கொடுத்தவர்களோடு, மறுக்க முடியாமல் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இதற்கு நெ.து.சு.விடம் இருந்த விடை, நடப்பிலிருந்து பிறந்தது. சர்க்கார் தன் பங்கை நிறுத்திவிடவில்லை. அதே ஆண்டுகளில் இலவசச் சீருடை வந்தது. ஏழைகளுக்கு இலவசப் படிப்பு உயர் வகுப்பு வரை நீண்டது. சம்பளச் செலவு ஏறிக்கொண்டே போனது. எல்லாம் ஒரே நேரத்தில் முடியாதபோது, பிள்ளை நனைவதைப் பார்த்துக்கொண்டு கடமை யாருடையது என்று வழக்காடுவதை அவர் விரும்பவில்லை. தவிர, தன் கையால் ஓடு வாங்கிக் கொடுத்தவன் அந்தப் பள்ளிக்குத் தன் பிள்ளையை அனுப்பாமல் இருக்கமாட்டான். கூரையைவிட இந்தப் பலன்தான் அவருக்கு முக்கியமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு காரியம் முடியாமல் நின்றது. மாநாடு வரும்போது ஓடு வந்தது. மாநாடு முடிந்து ஐந்தாவது ஆண்டில் நகரும் ஓட்டை மாற்றுவது யார்? கொடுத்தவர் பெயரைச் சுவரில் பொறித்தார்கள். அந்தச் சுவரைப் பராமரிப்பவர் பெயரை எங்கும் பொறிக்கவில்லை. 1960ஐ ஒட்டி ஜில்லா போர்டுகள் போய் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. ஆரம்பப் பள்ளிகள் அவற்றின் கைக்கு மாறின. புதுக் கட்டடம் திறப்பதில் ஒன்றியத் தலைவர்களுக்கு இருந்த ஆர்வம் பழைய கட்டடத்தின் தாரையைச் சுத்தம் செய்வதில் இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

1964 ஏப்ரலில் மதுரையில் ஒரு தனியார் பள்ளிக் கட்டடம் வகுப்பு நடக்கும்போதே இடிந்து விழுந்தது. 30க்கும் மேற்பட்ட மாணவிகள் இறந்தார்கள். தமிழகமே அதிர்ந்தது. கிராமத்துக் கீற்றுக் கொட்டகைதான் ஆபத்து, நகரத்து மாடிக் கட்டடம் பத்திரம் என்ற நினைப்பு அன்றோடு போயிற்று. ஓடும் பெஞ்சும் எத்தனை என்று எண்ணுவது வாத்தியாரால் முடியும். சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்ல அதற்கென்று படித்தவர் வேண்டும்.

பிந்திய ஆண்டுகள்

1960களின் பிற்பகுதிக்குள் நெ.து.சு. டில்லிக்குச் சென்று மத்திய கல்வி அமைச்சகத்தில் பணியாற்றிவிட்டுச் சென்னை திரும்பினார். 1969ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அவருக்கு முன் அந்தப் பதவியில் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் 27 ஆண்டுகள் இருந்தார். அப்படிப்பட்டவருக்குப் பின் அந்த இடத்தில் அமர்வது எளிதல்ல. மாணவர் கிளர்ச்சிகள் மிகுந்த காலமும்கூட. 1975 வரை இருந்தார்.

சோவியத் நாட்டுக்கும் பிற நாடுகளுக்கும் சென்று வந்து பயண நூல்கள் எழுதினார். ஓய்வு பெற்ற பின் எழுதிய 'நினைவு அலைகள்' மூன்று பெரும் பாகங்கள். கல்வி இலாகாவின் உள்ளே என்ன நடந்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு அதற்கு ஈடான புத்தகம் தமிழில் குறைவு. எழுத்தாளர் என்று பெயர் வாங்கும் ஆசை அதில் தெரியாது. ஃபைல் எழுதிப் பழகிய கை, நடந்ததை நடந்த வரிசையில் எழுதிக்கொண்டு போகும். 1993 ஏப்ரல் 12ம் தேதி, எண்பதாவது வயதில் காலமானார்.

அவர் காலத்தில் எழுந்த கட்டடங்களுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். அவற்றில் பல இடிக்கப்பட்டுவிட்டன. கீற்றுக் கூரைகளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து அகற்ற 2004 ஜூலை 16ம் தேதி கும்பகோணத்தில் நடந்த தீவிபத்து வேண்டியிருந்தது. 94 குழந்தைகள் மாண்டபின் அந்த முடிவு வந்தது. 2021 டிசம்பர் 17ம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகே பள்ளிக்குப் பள்ளி பொறியாளர்களை அனுப்பி, பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு 'நம்ம ஸ்கூல்' என்ற பெயரில் முன்னாள் மாணவர்களிடமும் வெளியூர்த் தமிழர்களிடமும் பள்ளிக்கு உதவி கேட்கும் திட்டத்தைத் தொடங்கியது. கடம்பத்தூரின் சாயல் அதில் உண்டு. பானைக்குப் பதில் கம்ப்யூட்டர். பந்தலுக்குப் பதில் வங்கிக் கணக்கு.

ஐதராபாத்தில் 2022ல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளையே முதல் கட்டத்தில் எடுத்தார்கள். 9,123 பள்ளிகள் அதில் சேர்ந்தன. கூட்டம் குறைந்த பள்ளிகள் பின்னுக்குப் போயின. கூரை ஒழுகியதாலேயே கூட்டம் குறைந்த பள்ளிகளும் அவற்றில் இருக்கும். 2023 டிசம்பரில் ஆட்சி மாறியது. 2024ல் புதிய அரசு 'அம்மா ஆதர்ச பாடசாலை' என்ற பெயரில் பள்ளிதோறும் கமிட்டி அமைத்தது. பெண்களின் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள், அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் அதில் இருந்தார்கள். சின்னச் சின்னப் பழுதுகளைப் பார்க்கும் பணத்தையும் பொறுப்பையும் அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள், மழை வருவதற்குள், வேலையை முடிக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கெடு வைக்கப்பட்டது.